பெரியம்மா முட்டியும் தராசுக்கடை லோட் செல்லும்

போன தீபாவளிக்கு மறுநாள் ஏற்காடு போயிருந்தேன், நாகலூர் பக்கம் பெரியம்மா வீட்டுக்கு. காப்பிப் பழம் செவக்க ஆரம்பிச்சிருந்த நேரம். பெரியம்மாவுக்கு 54 வயசு, பழம் எடுத்து மூட்டை கட்டி சரிவுல இருந்து களத்துக்கு இறக்கற வேலை வருஷக்கணக்கா பண்றாங்க, இப்ப ரெண்டு வருஷமா வலது முட்டி வலிக்குது, அதுவும் இறக்கத்துல மட்டும், ஏத்தத்துல ஒண்ணும் தெரியல. சேலத்துல எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு தேய்மானம் ஆரம்பிச்சிருக்கும்மா, வெயிட் தூக்கறத கொறைங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கொறைங்கன்னா எவ்ளோன்னு அவரும் சொல்லல இவங்களும் கேக்கல. அன்னைக்கு சாப்பிட்டுட்டு திண்ணைல உக்காந்திருக்கும்போது என்னப் பாத்து, "ஏஞ்சாமி, இரும்பு எங்க ஒடையும்னு கம்ப்யூட்டர்ல பாக்கறியாமே, மூட்டைய தலைல வச்சா முட்டிக்கு நல்லதா முதுகுல போட்டா நல்லதான்னு அதுல தெரியாதா?"ன்னு கேட்டாங்க. பாதி கிண்டல்தான். ஆனா எனக்கு அது அப்படியே ஒட்டிக்கிச்சு.

நான் சேலத்துல ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறைல டிராயிங் போடறவன். பிராக்கெட், ஃபிரேம் இதெல்லாம் லோடு தாங்குமான்னு எஃப்இஏ (பொருள மெஷ்ஷுங்கற குட்டிக் குட்டித் துண்டா பிரிச்சு எங்க எவ்ளோ அழுத்தம்னு கம்ப்யூட்டர்ல போடற கணக்கு) போட்டுப் பாப்பேன். அதனால மொதல்ல எனக்குத் தோணுனதும் அதேதான், முட்டி எலும்ப 3டில எடுத்து மெஷ் போட்டு அழுத்தம் பாத்துடலாம்னு. ரெண்டு நாள் ராத்திரி முழிச்சு நெட்டுல கெடச்ச முட்டி மாடல் ஒண்ண மெஷ் பண்ணிட்டு லோடு எவ்ளோ போடறதுங்கற எடத்துல வந்து நின்னுட்டேன். பிராக்கெட்டுன்னா கஸ்டமரே சொல்லிடுவான் 500 கிலோன்னு. முட்டிக்கு யாரு சொல்லுவா? அவங்க எடை 52, மூட்டை 18, கூட்டுனா 70 கிலோ, அத போட்டா போதும்னு நெனச்சா அது சுத்தத் தப்பு.

ஏன் தப்புன்னு ஒரு பேப்பர்ல போட்டுப் பாத்தேன், நீங்களும் போட்டுப் பாருங்க, இந்தப் பதிவுல மீதி எல்லாம் இத வச்சுத்தான் ஓடுது. 70 கிலோன்னா சுமார் 687 நியூட்டன். படி இறங்கும்போது ஒத்தக்கால்ல நின்னு முட்டிய மடக்கி மெதுவா இறங்கறோம், அப்ப தரை காலத் திருப்பித் தள்ற விசையோட கோடு முட்டிக்குப் பின்னாடி போகும், ஒரு 7 செ.மீ.ன்னு வைங்க. 687 பெருக்கல் 0.07, கிட்டத்தட்ட 48 நியூட்டன் மீட்டர் முட்டிய மடக்கப் பாக்குது. மடங்கி விழாம பிடிக்கறது தொடை முன்பக்கத் தசை, முட்டிச்சில்லு வழியா இழுக்குது, அதுக்குக் கெடைக்கற நெம்புகோல் நீளம் வெறும் 4 செ.மீ. சுமாருதான். 48 வகுத்தல் 0.04, ஆக 1200 நியூட்டன். கெணத்துல கயிறு இழுக்கற மாதிரி அந்தத் தசை தொடை எலும்பையும் கால் எலும்பையும் ஒண்ணா சேத்து இறுக்குது. 1200, அதோட 687, மொத்தம் 1890 பக்கம். பெரியம்மா எடை 510 நியூட்டன், அதுல 3.7 மடங்கு. முட்டிய நசுக்கறதுல பெரும்பங்கு மூட்டையோடது இல்ல, அவங்க சொந்தத் தசையோடது.

அதனால மெஷ்ஷ மூடி வச்சிட்டு தசை மாடலுக்குப் போனேன். ஓப்பன்சிம்னு ஒரு மென்பொருள் இருக்கு, ஸ்டான்ஃபோர்டுல ஸ்காட் டெல்ப் குழு 2007ல வெளியிட்டது, காசு கெடையாது. எலும்புக்கூடு, மூட்டு, தசை எல்லாம் கம்பியும் கீலுமா கட்டி வச்சிருப்பாங்க, நாம நடந்த அசைவையும் தரை விசையையும் குடுத்தா ஒவ்வொரு மூட்டுலயும் எவ்ளோ திருகு (மேல போட்ட அந்த 48 நியூட்டன் மீட்டர் மாதிரி) வேணும், அந்தத் திருகுக்கு எந்தத் தசை எவ்ளோ இழுக்கணும்னு கணக்குப் போடும். தசைக்குள்ள இருக்கற சமன்பாடு ஏ.வி. ஹில் 1938ல தவளைத் தசைய வச்சுக் கண்டுபிடிச்சதுல இருந்து வர்ற வம்சம். நான் எடுத்தது 2016ல வந்த ராஜகோபால் மாடல், கால்ல மட்டும் 80 தசை. அது 170 செ.மீ. உயரம் 75 கிலோ எடை உள்ள ஒரு ஆம்பள, தசை அளவெல்லாம் 21 பொணத்துல அளந்ததும் 24 இளவட்டங்களோட எம்ஆர்ஐல எடுத்ததும். அவர சுருக்கி 148 செ.மீ. பெரியம்மாவா ஆக்கணும். நீளத்த சுருக்கறது ஈஸி, தசை பலத்த என்ன பண்றதுன்னு தெரியாம நான் எடை விகிதத்துல கொறச்சுட்டேன், அது ஒரு குத்துமதிப்புதான்னு இப்பவே சொல்லிடறேன்.

அசைவு எடுக்கறதுக்கு லேப்ல பளபளன்னு உருண்டை ஒட்டி பத்து கேமரா வைப்பாங்க. ஓப்பன்கேப்னு ரெண்டு போன்லயே எடுக்கற வழி இருக்கு ஆனா ஐபோன் வேணும், எங்க வம்சத்துலயே ஐபோன் இல்ல. அதனால போஸ்2சிம், அது எந்தக் கேமராவுக்கும் ஓடும், வீடியோவுல இடுப்பு முட்டி கணுக்கால் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு, பல கேமரா பார்வைய சேத்து 3டி புள்ளியாக்கி ஓப்பன்சிம்முக்குத் தள்ளிவிடும். மூணு போன் சேத்தோம், என்னோடது, தங்கச்சியோடது, பட்டறை போன். இதுல ரெண்டு எடத்துல அடிபட்டேன். ஒண்ணு, கேமரா அளவு சரிபாக்கற செஸ் போர்டு மாதிரி கட்டம். அத ஃபிளெக்ஸ்ல அடிச்சு எடுத்துட்டுப் போனேன், மலைக் குளிர்ல சுருண்டு அப்பளம் மாதிரி வளைஞ்சிடுச்சு, கட்டம் தட்டையா இல்லன்னா கணக்கு முழுக்கக் கோணலாப் போகும். அடுத்த தடவ பேப்பர்ல அடிச்சு கண்ணாடில ஒட்டி எடுத்துட்டுப் போனேன். ரெண்டாவது, போன் வீடியோ நாம நெனைக்கற மாதிரி நிலையான ஃபிரேம் ரேட்டுல ஓடறதில்ல, வெளிச்சம் கொறைஞ்சா அதுவே கொறச்சுக்கும். ஏற்காட்டுல நவம்பர் மாசம் மூணு மணிக்கே மஞ்சு எறங்கிடும், 60ன்னு செட் பண்ண போன் பாதில 30க்கு வந்திருக்கு, அத எஃப்எஃப்எம்பெக்ங்கற வீடியோ மென்பொருள்ல போட்டுப் பாத்தப்பதான் தெரிஞ்சது. காலைல 10 மணிக்கு வெயில்ல எடுங்க, அவ்ளோதான் சொல்லுவேன்.

இப்ப ஃபோர்ஸ் பிளேட், அதாவது மேல கால் வச்சா தரை விசைய அளக்கற பலகை. வாங்கற வெலைய பாத்துட்டு அந்தப் பக்கத்தையே மூடிட்டேன், லட்சக்கணக்குல. செவ்வாய்ப்பேட்டைல ஒரு தராசு ரிப்பேர் கடை, பட்டறை எடைமேடைக்கு எப்பவும் அவருகிட்டதான் போவோம், அங்க செத்துப்போன எலக்ட்ரானிக் தராசுல இருந்து கழட்டுன லோட் செல், அதாவது எடைய மின் சிக்னலா மாத்தற பாகம், ஒரு டப்பா நெறைய கெடந்துச்சு. அலுமினிய பார் மாதிரி இருக்கும், நாலு வயரு, 100 கிலோ தாங்கறதா பாத்து நாலு எடுத்தேன். அண்ணன் எதுக்குன்னு கேட்டாரு, பெரியம்மா முட்டிக்குன்னேன், ஒரு மாதிரியா பாத்துட்டு டெஸ்ட் பண்ணிக் குடுத்தாரு, ஒண்ணு ஜீரோ நிக்கல, மாத்திக் குடுத்தாரு. 18 மி.மீ. பிளைவுட், அடில எல் ஆங்கிள் ஃபிரேம், நாலு மூலைல நாலு செல். ஒவ்வொண்ணுக்கும் அந்த சிக்னல நம்பரா மாத்தற ஒரு எச்எக்ஸ்711 போர்டு, எல்லாம் ஈஎஸ்பி32ன்னு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் போர்டுக்கு. நாலு மூலையோட எடைய தனித்தனியா படிக்கணும், ஏன்னா மொத்தம் மட்டும் போதாது, பாதத்துல எந்தப் புள்ளில அழுத்துதுன்னு வேணும், நாலு மூலை விசையோட விகிதத்துல இருந்துதான் அந்தப் புள்ளி வரும்.

வெவ்வேற தராசுல இருந்து எடுத்த செல்லு, ஒவ்வொண்ணும் ஒரு கம்பெனி, அதனால ஒரே எடைக்கு ஒவ்வொண்ணும் ஒரு நம்பர் சொல்லும். 20 கிலோ எடைக்கல்லு ரெண்டு கடன் வாங்கி ஒவ்வொரு மூலையையும் தனியா அளந்து போட்டேன். ஒண்ணு மைனஸ்ல காட்டுச்சு, வெள்ளை வயரும் பச்சை வயரும் மாறி இருந்துச்சு, மாத்துனதும் சரி. இதெல்லாம் முடிச்சு நானே ஏறி நடந்து பாத்தா கோடு படிக்கட்டு மாதிரி வருது, ஒரு காலடிக்கு எட்டு புள்ளிதான். எச்எக்ஸ்711 சும்மா விட்டா நொடிக்கு 10 தடவைதான் படிக்கும், 80 தடவை படிக்க வைக்க அந்த சிப்போட 15ஆம் நம்பர் காலுக்கு வோல்டேஜ் குடுக்கணும், ஆனா நான் வாங்குன பச்சை போர்டுல அந்தக் காலை கிரவுண்டோட சேத்தே அடிச்சிருக்கான். ஊசி முனைல சூடு காட்டி காலத் தூக்கி, மெல்லிசு வயர் வச்சு பக்கத்துல இருக்கற வோல்டேஜ் காலுக்கு சால்டர் வைக்கணும். நாலு போர்டுல ஒண்ணு காலே ஒடிஞ்சு போச்சு, இன்னொண்ணு வாங்குனேன். 80ம் லேபுக்குக் கம்மிதான், ஓடறவங்களுக்குப் பத்தாது, மெதுவா படி இறங்கறதுக்கு ஒப்பேத்தலாம்.

இந்தப் பிளேட்ட டிவிஎஸ் எக்ஸ்எல் முன்னாடி நிக்க வச்சு கயிறு கட்டி 20 கொண்டை ஊசி வளைவும் ஏறுனது தனிக் கதை, அத விட்டுடறேன்.

சரிவுல பிளேட்ட வைக்க முடியாது, அதனால பாதைல இருந்து களத்துக்கு இறங்கற அஞ்சு சிமெண்டு படி, அதுல மூணாவது படி மேல வச்சோம். டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுட்டோம், கொஞ்சம் தடவ பண்ணலாம் வலிச்சா நிறுத்திடணும்னு சொன்னாரு, பக்கத்துல புடிச்சுக்க ஒரு கயிறும் கட்டுனோம். பெரியம்மா சேலைல இறங்குனாங்க, வீடியோவ அங்கயே ஓட்டிப் பாத்தா மென்பொருள் முட்டிய கொசுவத்துக்குள்ள தேடுது, ஒரு ஃபிரேமுக்கு இங்க ஒரு ஃபிரேமுக்கு அங்க. பேரனோட டிராக் பேண்ட் போடுங்க பெரிம்மான்னு சொன்னதுக்கு மொதல்ல முடியாதுன்னாங்க, அப்புறம் கேட்ட சாத்திட்டு வெளியாளு யாரும் வரக்கூடாதுன்னு கண்டிஷன் போட்டு போட்டுக்கிட்டு வந்தாங்க. சிரிச்சு சிரிச்சு மொத ரெண்டு தடவ வீணாப் போச்சு. தலைல சும்மாடு வச்சு 18 கிலோ மூட்டை, அப்புறம் முதுகுல கட்டி 18 கிலோ, அப்புறம் வெறுங்கை. எல்லாம் எடுத்து முடிச்சு சாமான் கட்டும்போதுதான் தங்கச்சி கேட்டா, "அண்ணா, இந்தப் படி மட்டும் ஒசரமா இல்ல?"

பிளேட்டோட ஒசரம் 6 செ.மீ. படி ஒவ்வொண்ணும் 19 செ.மீ. பிளேட்ட மூணாவது படி மேல வச்சதால மேல இருந்து பிளேட்டுக்கு 13 செ.மீ., பிளேட்டுல இருந்து அடுத்த படிக்கு 25 செ.மீ. நான் அளந்து பாத்து வெல்டு வைக்கறவன், இது கண்ணுல படல. அன்னைக்கு எடுத்தது எல்லாம் குப்பைன்னு ஒரு ஃபோல்டர்ல போட்டு அதுக்குப் பேரே குப்பைன்னு வச்சேன்.

வீணாப் போனாலும் பழகறதுக்கு ஆகும்னு அந்த டேட்டாவ வச்சே ஓப்பன்சிம் ஓட்டிப் பாத்தேன். மொத விடை முட்டில எடைய போல 11 மடங்கு. யானை ஏறி நின்னாக்கூட அவ்ளோ வராது. எங்க தப்புன்னு மூணு வாரம். மொதல்ல விசை அம்புக்குறிய திரைல வரைய வச்சுப் பாத்தேன், எலும்புக்கூடு படில இறங்குது, அம்பு அதுபாட்டுக்கு ஒரு அடி தள்ளி காத்துல நிக்குது. ஓப்பன்சிம்ல மேல்நோக்கி இருக்கறது ஒய் அச்சு, எங்க பட்டறைல எல்லா டிராயிங்லயும் இசட்தான் மேல, பழக்கத்துல அப்படியே குடுத்துட்டேன். அத மாத்துனதும் 11, 6 ஆச்சு. அப்புறமும் அம்பு பாதத்த விட்டு 3 செ.மீ. முன்ன பின்ன இருந்துச்சு, மூணு செ.மீ.தானேன்னு விடப் போனேன், நல்லவேளை மறுபடி பேப்பர்ல போட்டேன். 687 பெருக்கல் 0.03, 20 நியூட்டன் மீட்டர், வகுத்தல் 0.04, 500 நியூட்டனுக்கு மேல, அதாவது அவங்க முழு உடம்பு எடை. மூணு செ.மீ. தப்புக்கு ஒரு ஆளு கூடுதலா முட்டில ஏறி உக்காந்துடறான். இதுக்கு அப்புறம் பிளேட்டோட நாலு மூலையையும் அதே கேமராவுல படம் புடிச்சு, கேமராவோட கணக்குலயே மூலை எங்க இருக்குன்னு எடுத்தேன், டேப் வச்சு அளக்கறத விட்டுட்டேன். பாதம் படற நேரத்துலயும் எடுக்கற நேரத்துலயும் மொத்த விசை ரொம்பக் கம்மியா இருக்கும், அப்ப அழுத்தப் புள்ளி பேய் புடிச்ச மாதிரி தாவும், அதனால 40 நியூட்டனுக்குக் கீழ வந்தா பூச்சியம்னு வச்சுட்டேன்.

அடுத்தது நேரம். வீடியோவும் பிளேட்டும் வேற வேற கடிகாரம். கை தட்டி சேத்துக்கலாம்னு நெனச்சேன், பிளேட்டுக்குக் காது இல்லங்கறது அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. மொத தடவைல பெரியம்மா பிளேட்டுல கால் வைக்கற ஃபிரேம வச்சு ஒப்பேத்துனேன், ரெண்டாவது தடவ போனப்ப தொடங்கறதுக்கு முன்னாடி நான் பிளேட்ட குதிகாலால மூணு தட்டு தட்டுவேன், வீடியோலயும் தெரியும் விசைலயும் மூணு முள்ளு தெரியும். அப்புறம் ஃபில்டர், அளவுல வர்ற வேகமான நடுக்கத்த தேச்சு எடுக்கறது. அசைவுக்கு 6 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டிருந்தேன், விசைய பச்சையா விட்டிருந்தேன், கால் படற நொடில திருகு ஒரு பெரிய முள்ளா எகிறும், அது நெசம் இல்ல, ரெண்டையும் வேற வேற அளவுல தேச்சதால வர்றது. ரெண்டுக்கும் ஒரே 6 குடுத்ததும் முள்ளு போச்சு.

இதெல்லாம் பண்ணிட்டு ஓட்டுனா விடை 1.4 மடங்கு. சும்மா நடக்கறதுக்கே இத விட அதிகம். ஒரு நாள் முழுக்க சந்தோஷப்பட்டுட்டேன் அடடா கம்மியா இருக்கேன்னு, வெக்கம். காரணம் என்னன்னா இந்த மாடல்ல ரிசர்வ் ஆக்சுவேட்டர்னு ஒண்ணு சேப்போம், தசையால முடியாத மிச்சம் மீதிய சரிகட்டறதுக்கு ஒவ்வொரு மூட்டுலயும் ஒரு குட்டி மோட்டர் மாதிரி. அதோட பலத்த 1ன்னு வைக்க வேண்டிய எடத்துல யாரோ போட்ட ஃபைல்ல இருந்து 100ன்னு காப்பி அடிச்சிருக்கேன். கணக்கு எப்பவும் சுளுவான வழிய தேடும், தசைய இழுக்காம மோட்டர வச்சே முட்டிய நிமுத்திடுச்சு. மோட்டர் எலும்ப அழுத்தாது, அதான் 1.4. தசை மாடல் பண்றவங்க மூட்டு அழுத்தத்தப் பாக்கறதுக்கு முன்னாடி ரிசர்வ் எவ்ளோ வேலை பாத்துச்சுன்னு ஒரு தடவ வரைஞ்சு பாருங்க, மொத்தத் திருகுல அது சொற்பமா இருக்கணும்.

டிசம்பர் கடைசில மறுபடி மலைக்குப் போனோம், இந்தத் தடவ 6 செ.மீ. கனத்துக்குப் பலகை வெட்டி எடுத்துட்டுப் போயி மத்த நாலு படிலயும் போட்டோம், அடிப்படி முடியற தரைலயும் ஒண்ணு. எல்லாப் படியும் 19. மூட்டைய மாடல்ல சேக்கறதுக்கு 18 கிலோ பொருள் ஒண்ண ஒட்ட வைக்கணும், சேக்காம விட்டா தரை 70 கிலோவ தள்ளுது மாடல் 52 கிலோதான் இருக்கு, கணக்கு கட்டாம இடுப்புல கண்டபடி மிச்சம் நிக்கும். தலைல வச்ச மூட்டைய எங்க ஒட்டறதுன்னு பாத்தா அந்த மாடல்ல கழுத்தே கெடையாது, தலையும் நெஞ்சும் ஒரே கட்டை. அதனால நெஞ்சுக்கட்டை மேலயே தலை ஒசரத்துல ஒட்டுனேன். முட்டிக்கு அது போதும், ஆனா தலைச்சுமையால கழுத்துக்கு என்ன ஆகுதுங்கறதுக்கு இந்த மாடல் வாயே தொறக்காது. முட்டியும் இதுல ஒத்தக் கீல்தான், உள்பக்கம் எவ்ளோ வெளிப்பக்கம் எவ்ளோன்னு பிரிச்சுச் சொல்லாது.

விடை: வெறுங்கையோட இறங்கறதுக்கு உடம்பு எடைல 2.8 மடங்கு, 9 கிலோ தலைல 3.3, 18 கிலோ தலைல 3.8, அதே 18 முதுகுல 3.6. அளக்க அளக்க ஒரு தடவைக்கும் இன்னொரு தடவைக்கும் 0.3, 0.4 வரை ஆடுது. அப்ப 3.8க்கும் 3.6க்கும் இருக்கற வித்தியாசத்த வித்தியாசம்னே சொல்லக் கூடாது. முதுகுல போட்டா ஒடம்பு முன்னாடி சாயும், தரை விசைக் கோடு முட்டிக்குக் கிட்ட வரும், அதனால கொஞ்சம் கொறையணும்ங்கறது நியாயம்தான், கொறஞ்சும் இருக்கலாம், ஆனா என் பிளைவுட் பலகைய வச்சு அத சத்தியம் பண்ண மாட்டேன்.

பெர்லின்ல சாரிட்டே ஆஸ்பத்திரி குழு, செயற்கை முட்டிக்குள்ளயே அளவுக்கருவி வச்சு நோயாளிங்க நடக்கும்போது வயர் இல்லாம அழுத்தத்தப் படிச்சிருக்காங்க, 2010ல வெளியிட்டதுல அஞ்சு பேர் சராசரி சமதரைல நடக்க எடைல 261 சதவீதம், படி ஏற 316, படி இறங்க 346. மாடல் இல்ல, நெசமா உள்ள இருந்து அளந்தது. ஏத்தத்துல வலிக்கல இறக்கத்துல வலிக்குதுன்னு பெரியம்மா சொன்னதுக்கும் அந்த வரிசை ஒத்துப் போகுது. அந்த 346 முன்னாடி என்னோட வெறுங்கை 2.8 கம்மி. ஏன் கம்மின்னு எனக்கு ஒரு பெரிய சந்தேகம், என் பிளேட்டு கீழ அமுக்கறத மட்டும்தான் அளக்குது, முன்ன பின்ன தள்றத அளக்கறதில்ல. இறங்கும்போது கால் பிரேக் போடுது, தரை பின்பக்கமா தள்ளும். அது எடைல 5 சதவீதம்னு வச்சாலே மூட்டையோட 34 நியூட்டன், முட்டி தரைல இருந்து 40 செ.மீ., கிட்டத்தட்ட 14 நியூட்டன் மீட்டர், தசைல 340 நியூட்டன், எடைல 0.7 மடங்கு. நான் விட்டது சின்ன விஷயமே இல்ல. இதனாலயும்தான் சரிவ விட்டுட்டு தட்டையான படிய எடுத்தேன், சரிவுல இது இன்னும் மோசமா இருக்கும். அதனால என் நம்பர தனியா எடுத்துட்டுப் போயி யார்கிட்டயும் காட்டாதீங்க, ஒண்ணுக்கு ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்க மட்டும் வச்சுக்கறேன்.

பெரியம்மாகிட்ட போன்ல சொன்னேன், தலையா முதுகாங்கறதுல பெருசா வித்தியாசம் தெரியல பெரிம்மான்னு. "இதுக்கா ரெண்டு மாசம்?"னாங்க. வாஸ்தவம்தான்.

அப்புறம் ஒரு ராத்திரி சும்மா அந்தக் குப்பை ஃபோல்டர தொறந்தேன். அச்சு, நேரம், ஃபில்டர், ரிசர்வ் எல்லாம் இப்ப சரியா இருக்கு, பழைய டேட்டாவ அதே வழில ஓட்டிப் பாக்கலாமேன்னு. கட்டம் வளைஞ்சு போனதால மொதல்ல கேமரா அளவு சரிப்படல, அன்னைக்கு எடுத்த வீடியோல தெரியற படி ஓரங்களோட நெச அளவ வச்சு அளவ திருப்பி எடுத்தேன், அதுக்கே ரெண்டு நாளு. மஞ்சு எறங்கறதுக்கு முன்னாடி எடுத்தது மட்டும்தான் தேறுச்சு. 25 செ.மீ. இறங்குனப்ப 18 கிலோ தலைல, மூணு தடவ, 4.7 மடங்கு. அதே மூட்டை 19 செ.மீ.க்கு 3.8. இந்த வித்தியாசம் ஆட்டத்துக்குள்ள அடங்கல. வெறுங்கையோட 25 செ.மீ. இறங்குனது ரெண்டு தடவதான் இருக்கு, 3.6. அதாவது கைய வீசிட்டு 25 செ.மீ. இறங்கறதும் 18 கிலோ மூட்டையோட 19 செ.மீ. இறங்கறதும் முட்டிக்கு ஏறக்குறைய ஒண்ணு.

யோசிச்சுப் பாத்தா இதுல மாயம் இல்ல. இறங்கும்போது கஷ்டப்படறது கீழ வைக்கற கால் இல்ல, மேல்படில நிக்கற கால். படி எவ்ளோ ஆழமோ அவ்ளோ அந்த முட்டி மடங்கணும், மடங்க மடங்க அந்த 7 செ.மீ. 9, 10ன்னு ஆகும், நெம்புகோலோட 4 செ.மீ. பெருசா கூடாது. மூட்டை சேத்தா பெருக்கல்ல ஒரு பக்கம் ஏறுது, படி ஆழமானா இன்னொரு பக்கம் ஏறுது. நான் எந்தப் பக்கத்துல மூட்டைய வைக்கறதுன்னே கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். மூணு தடவயும் ரெண்டு தடவயும் எண்ணிக்கைல ரொம்பக் கம்மி, அதுவும் பயணத்துல மொத நாள், அவங்க டிராக் பேண்டுக்குப் பழகாத நாள். வேணும்னே 25 வச்சு மறுபடி எடுக்கலாம்னு தோணுச்சு, அவங்க முட்டிய அதுக்கு செலவழிக்க மனசு வரல.

பொங்கலுக்குப் போனப்ப லேப்டாப் எடுத்துட்டுப் போகல, அளவு டேப் மட்டும். எஸ்டேட் மேஸ்திரிகிட்ட சொல்லிட்டு, பழம் எடுக்கற சரிவுல இருந்து களம் வரைக்கும் பெரியம்மா தினமும் மூட்டையோட வர்ற பாதைய ஒவ்வொரு படியா அளந்தோம், தங்கச்சி எழுதிக்கிட்டா. கல்லுப் படி, வேர்ப் படி, மண்ணு அரிச்ச படி எல்லாம் சேத்து 43. பெரும்பாலும் 15க்கும் 20க்கும் நடுவுல. 25க்கு மேல நாலு எடம், அதுல வாய்க்கால் பக்கத்துல ஒண்ணு 31. பெரியம்மா அத பாத்துட்டு "இங்கதான் சாமி சுருக்குன்னும்"னாங்க. ஏன் பெரிம்மா இத மொதல்லயே சொல்லலன்னு கேட்டா, "நீ எங்க வலிக்குதுன்னு கேக்கலயே, எதுல வச்சு தூக்கறன்னுதானே கேட்ட." கேட்டதே அவங்கதான், இருந்தாலும் நான் வாய தொறக்கல.

நாலு எடத்துலயும் நடுவுல ஒரு படி சேத்தோம், மூணுல அங்கயே கெடந்த கல்லு, வாய்க்கால் பக்கம் மட்டும் ஹாலோ பிளாக். அது ஒரு மழைக்கு நகந்து கோணலா நின்னுச்சு, ஈரத்துல வழுக்கி விட்டா முட்டி போறது இருக்கட்டும் இடுப்பே போயிடும், அதனால மறுவாரம் கலவை போட்டு வச்சிட்டு வந்தேன். இப்ப அங்க 16, 15. மூட்டை 18ல இருந்து 9 ஆக்கி ரெண்டு நடையா எடுக்கறாங்க, நடை ரெண்டாச்சேன்னு கேட்டா படி எண்ணிக்கையும் ரெண்டு மடங்குங்கறது எனக்கும் தெரியும், அதுக்குக் கணக்கு என்கிட்ட இல்ல. தலைலயேதான் வைக்கறாங்க, முதுகுல கட்டுனா காப்பிக் கெளைல மாட்டுதாம்.

பிளேட்டுக்குக் குறுக்கால ரெண்டு செல் வச்சு முன்ன பின்ன விசைய அளக்க முடியுமான்னு இப்ப பாத்துக்கிட்டு இருக்கேன், தராசுக்கடை அண்ணன் இன்னும் நாலு செல் எடுத்து வச்சிருக்காரு. செல்லு பக்கவாட்டுல சாயாம இருக்க பால் பேரிங் மேல மேல்தட்ட மிதக்க விடணும், அந்த டிராயிங் பாதில நிக்குது, முடிஞ்சதும் அளவோட போடறேன்.